கண்ணுக்குத் தெரியாத ஈயம்: எமது பிள்ளைகளின் பாடசாலைத் தண்ணீர்

வன்னியில் உள்ள ஒரு கிராமப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. குடிநீர் பற்றிப் பேசும்படி என்னையும் அழைத்திருந்தார்கள். தாங்கியிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கின்றார்கள். அதில் ஈயம் இருக்கின்றதா என்று பார்த்தீர்களா எனக் கேட்டேன். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் சிரித்தார். தாயும் தகப்பனும் இல்லாத பேரப்பிள்ளையை வளர்ப்பவர் அவர். "பிள்ளை, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ள என்ன ஈயம்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததை நாம் மறக்கவில்லை. எண்ணெய் என்றால் படலம் தெரியும், மணம் வரும், மக்களும் உடனே முறையிடுவார்கள். ஆனால் ஈயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. பரிசோதித்தால் மட்டுமே அது தெரியவரும்.

ஈயம் என்ன செய்கின்றது?

இங்கு நான் கூறுவது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் அல்ல. வலைக்குக் கட்டுவதும், பழைய வாகன பற்றரிக்குள் இருப்பதுமான காரீயம். உடலுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உட்கொள்ளும் ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கு, ஐந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகின்றது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைகளில் இது இன்னும் கூடும்.

ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. கவனம் குறையும், கற்றல் பின்தங்கும், இரத்தச்சோகையும் ஏற்படலாம். அப்படியான பிள்ளையை "மந்தம்", "குழப்படி" என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பின்னர் மருந்தால் மீட்கவும் முடியாது. உடலில் சேரும் ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் கலந்து சிசுவையும் சென்றடைகின்றது. ஆகவே இன்றைய மாணவியின் தண்ணீர் நாளைய தாயின் பிரச்சினையும் ஆகின்றது.

பிளின்ற் நகரத்துத் தாய்மார்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ற் என்றொரு நகரம் உண்டு. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தார்கள். கறுப்பின மக்களும் ஏழைகளும் மிகுந்த நகரம் அது. செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் நகரத்துக்கான நீரை அங்குள்ள ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து தண்ணீரில் வந்தது.

நான்கு பிள்ளைகளின் தாயான லீயான் வோல்ற்றேர்ஸ் தன் பிள்ளைகளின் தோலில் வந்த தடிப்புகளைக் கண்டு விடாமல் கேள்வி கேட்டார். 2015இல் அவருடைய வீட்டு நீரைப் பரிசோதித்தபோது லீற்றருக்கு 397 மைக்கிரோகிராம் ஈயம் இருந்தது. எமது நாட்டின் குடிநீர்த் தரத்தில் உச்ச அளவு 10 மட்டுமே. அவர் வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்தார். ஊரவர்கள் வீடு வீடாகச் சென்று 250க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார்கள்.

அதே ஆண்டு செப்டெம்பரில் மோனா ஹன்னா அற்றிஷா என்ற பிள்ளை வைத்திய நிபுணர் மற்றொரு கணக்கை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இரத்தத்தில் ஈயம் கூடியோரின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். ஒக்டோபரில் பாடசாலைகளின் முடிவுகளும் வந்தன. ஓர் ஆரம்பப் பாடசாலையில் 101 மைக்கிரோகிராம் காணப்பட்டது. அந்த மாதமே நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. 2023இல் பாடசாலைகளிலும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களிலும் ஈயத்தை வடிக்கும் வடிகட்டி பொருத்த வேண்டுமென மிச்சிகனில் சட்டம் வந்தது. கேள்வி கேட்ட தாய்மார் இல்லாவிடில் இவை எதுவும் இவ்வளவு விரைவில் நடந்திராது.

பாடசாலையில் ஏன் கூடுதல் கவனம்?

ஈயம் பெரும்பாலும் நீர் ஊற்றிலிருந்து வருவதில்லை. பழைய குழாய், பற்றாசு வைத்த பொருத்து, பித்தளைக் குழாய்வாய் ஆகியவற்றிலிருந்தே வருகின்றது. தண்ணீர் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கின்றதோ அவ்வளவு ஈயம் கரையும். வீட்டில் நாள் முழுதும் தண்ணீர் ஓடும். பாடசாலையிலோ இரவிலும் சனி, ஞாயிறிலும் தவணை விடுமுறையிலும் நின்றுவிடுகின்றது. திங்கட்கிழமை காலை முதலில் குடிக்கும் பிள்ளைக்கே அதிக ஈயம் கிடைக்கும்.

இதனால்தான் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கவும் ஒரு முறை உண்டு. அமெரிக்கப் பாடசாலைகளில் 8 முதல் 18 மணி நேரம் தண்ணீர் நின்ற பின், காலையில் வரும் முதல் 250 மில்லிலீற்றரைப் பிடிக்கின்றார்கள். பின்பு 30 செக்கன் ஓடவிட்டு இரண்டாவது போத்தல் பிடிக்கின்றார்கள். முதலாவதில் மட்டும் ஈயம் கூடினால் பிழை குழாய்வாயில். இரண்டிலும் கூடினால் உள்ளே உள்ள குழாயில். குழாயை நன்றாக ஓடவிட்டு ஒரே போத்தல் மட்டும் எடுத்தால் "நல்ல தண்ணீர்" என்ற பொய்யான முடிவே வரும்.

நாம் செய்யக்கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் காட்டும்படி கேளுங்கள். அதில் ஈயம் என்ற வரி இருக்கின்றதா என்று பாருங்கள். கிருமிக்கான பரிசோதனை வேறு, ஈயத்துக்கானது வேறு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கோருங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலும் ஈயப் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஈயம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். காலையில் பிள்ளைகள் வருமுன் குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து மலசலகூடம் கழுவப் பயன்படுத்தலாம். ஈயம் கூடிய குழாயை உடனே மூடிவிட வேண்டும். ஒரு குழாய்வாயை மாற்றுவதுடனேயே சில இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும். முருங்கைக்கீரை, நெத்தலி, எள்ளு, பயறு எமது சமையலில் உள்ளவைதான். பழைய பற்றரிகளை வளவிலோ கிணற்றடியிலோ உடைக்க விடாதீர்கள்.

எமது பாடசாலைகளின் தண்ணீரில் ஈயம் இருக்கின்றது என்று நான் பயமுறுத்த வரவில்லை. நான் போன பாடசாலையில் அது ஒருபோதும் பார்க்கப்படவில்லை என்பதையே கூறுகின்றேன். அன்று அதிபர் கொண்டுவந்து காட்டிய அறிக்கையில் கிருமி பற்றிய விபரம் மட்டுமே இருந்தது. ஈயம் என்ற சொல்லே இல்லை.

சிரித்த அந்த அம்மாவும் அறிக்கையை வாங்கிப் பேரனைக் கொண்டு வாசிப்பித்தார். பிறகு, "அப்ப பார்க்காமலே நல்ல தண்ணி எண்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறம்" என்றார். பரிசோதனை கோரி எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது. இருபத்தெட்டுத் தாய்மார் அவருக்குக் கீழே ஒப்பமிட்டார்கள்.

எத்தனையோ இழப்புகளின் நடுவே நாம் காப்பாற்றி வளர்க்கும் பிள்ளைகள் இவர்கள். அடுத்த கூட்டத்தில் நீங்களும் எழுந்து கேளுங்கள்: "எங்கட பிள்ளைகள் குடிக்கிற தண்ணியில ஈயம் பார்த்ததோ?"