தென்னை மீண்டும் காய்க்கும் வரை

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்து மாணவர்களிடம், "புயல் மழையில் வெள்ளாமை போய்விட்டால் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டால், "ஒரு வருஷம்" என்பார்கள். அவர்களுடைய பூமிக்கு அது சரியான விடைதான். கரிசல் காட்டில் புரட்டாசியில் விதைக்கும் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் தை, மாசிக்குள் களத்துக்கு வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது; கோவில்பட்டியிலும் சுமார் 50 செ.மீ. பெய்தது. காட்டில் நின்ற பயிர் அழுகிற்று. வாங்கிய கடன் அப்படியே நின்றது. ஆனால் மண் அரித்துப் போகாத இடங்களில், அடுத்த புரட்டாசியில் அதே நிலம் மறுபடியும் விதைப்புக்குத் தயாராக இருந்தது.

இதே கேள்வியை இருநூறு கி.மீ.க்கும் அப்பால், பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, கீரமங்கலம் பக்கத்து மாணவர்களிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை உழுதுவிட்டு, மேற்கே மலையையும் தாண்டி அரபிக் கடலில் போய் இறங்கியது. எந்த ஓர் ஊரிலும் கடுங்காற்று வீசியது சில மணி நேரம்தான். அன்று மழலைப் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் இருந்த பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். புயலுக்குப் பிறகு அவர்கள் வீட்டுத் தோப்பில் நட்ட நெட்டைத் தென்னை இன்னும் முழுக் காய்ப்புக்கு வந்து சேரவில்லை.

சில மணி நேரக் காற்றுக்கு ஏன் பத்தாண்டு வைத்தியம்? இதற்கான விடையில் பெரும்பகுதி தென்னையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1977 நவம்பர் 12-ல் இதே நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கஜா வரும் செய்தியை வானிலைத் துறை சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. தாழ்வான பகுதிகளிலிருந்து பல்லாயிரம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லாமல் இல்லை. ஆனால் பழைய புயல்களோடு ஒப்பிட்டால் குறைவு. மனிதனை லாரியில் ஏற்றி அழைத்துப் போகலாம். தோப்பை எங்கே கொண்டுபோவது?

புயல் உடைத்தவை எல்லாம் ஒரே வேகத்தில் சீராகவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்வாரிய ஊழியர்கள் வயல் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து போய் நட்டார்கள். சில வாரங்களில் ஊர் ஊராக வெளிச்சம் வந்தது. வேதாரண்யம் உப்பளங்களில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை வழித்தெடுத்துப் பாத்தி கட்டினார்கள். உடைந்த படகைத் தச்சர் செப்பனிடுவார். இவற்றுக்கெல்லாம் பணமும் ஆளும் இருந்தால் காலத்தைச் சுருக்கிவிடலாம். உயிருள்ள மரத்தின் காலத்தை அப்படிச் சுருக்க முடியாது.

மரங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வேம்பு, புங்கு போன்ற மரங்களின் கிளை முறிந்தால் முறிந்த இடத்துக்குக் கீழே உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துத் துளிர்க்கும். பட்டைக்குள்ளே இருக்கும் 'கேம்பியம்' என்ற வளர் அடுக்கு, காயத்தை மூடிப் புதுக் கட்டையை உண்டாக்கும். வாழை அடியோடு சாய்ந்தாலும் அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது; பக்கக்கன்று வெடித்து ஓராண்டில் குலை தள்ளிவிடும்.

தென்னைக்கு இந்த இரண்டு வழியும் அடைபட்டவை. அது வாழையைப் போல ஒருவித்திலைத் தாவரம். ஆனால் பக்கக்கன்று விடுவதில்லை. கிளையும் இல்லை. தண்டில் கேம்பியம் இல்லாததால் ஒரு முறை பட்ட காயம் ஒருபோதும் மூடிக்கொள்ளாது. அதன் வளர்ச்சி முழுவதும் உச்சியில் மட்டைகளுக்கு நடுவே பொத்தி வைத்திருக்கும் ஒரே ஒரு குருத்தில் இருக்கிறது. அறுபது அடி மரமானாலும் அந்தக் குருத்து செத்தால் மரம் செத்தது. கஜாவுக்குப் பிறகு நிமிர்ந்து நின்ற மரங்களில் கொண்டை முறுக்கிக்கொண்டு நின்றவையும் இருந்தன. "தப்பித்தது" என்று நம்பிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள், சில மாதங்களில் குருத்து அழுகி விழுவதைப் பார்த்தார்கள்.

தென்னை காற்றுக்குப் பயந்த மரம் என்று நினைத்துவிடாதீர்கள். கடற்கரையில் பிறந்த மரம் அது. தண்டு வளைந்து கொடுக்கும். ஓலை கீற்றுக் கீற்றாகப் பிரிந்து காற்றை வழிய விடும். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். மணிக்கு 40 கி.மீ. காற்றில் ஆடும் மரத்தை 120 கி.மீ. காற்று ஒன்பது மடங்கு விசையோடு தள்ளுகிறது. அதே நேரத்தில் மழை மண்ணைக் கூழாக்கிவிடுகிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பும் சல்லி வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பரவி நிற்கும். மண் பிடி விட்டதும் மரம் தூரோடு பெயர்ந்துவிடும். உங்கள் கரிசல் காட்டு ஓரங்களில் நிற்கும் பனையைப் பாருங்கள். அதுவும் ஒருவித்திலைதான், சல்லி வேர்தான். ஆனால் வேர் ஆழமாக இறங்கும், கொண்டை சிறியது, தண்டு வைரம் பாய்ந்தது. தென்னை சரிந்த தோப்புகளின் ஓரத்திலேயே பனைகள் பல நின்றுகொண்டிருந்தன.

சரி, உண்மையிலேயே பிழைத்த தென்னைகள்? அவையாவது அடுத்த ஆண்டு காய்த்தனவா? இங்குதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

தென்னை ஏறத்தாழ மாதத்திற்கு ஒரு மட்டை விடுகிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. அந்தப் பாளை வெடித்து வெளியே வருவதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன்பே, குருத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அரும்பாக அது தோன்றிவிடுகிறது. பாளை வெடித்த பின் குரும்பை முற்றித் தேங்காயாக இன்னும் 12 மாதம். ஆக, இன்று உங்கள் அம்மா அடுக்களையில் உடைக்கும் தேங்காய், மூன்றரை ஆண்டுக்கும் முன்னால் தொடங்கப்பட்ட வேலை! 2018 நவம்பரில் குருத்துக்குள் அரும்பிய பூங்கொத்து காயாகி வெட்டுக்கு வர வேண்டிய காலம் 2022-ன் நடுப்பகுதி. அந்த 44 மாத வரிசையில் நின்ற குரும்பை, பாளை, அரும்பு எல்லாமே புயலின் அதிர்ச்சியைத் தாங்கியவை. போதாததற்கு, கிழிந்து போன மட்டைகளுக்குப் பதிலாக முப்பது மட்டை கொண்ட முழுக் கொண்டை திரும்ப அமைய, மாதம் ஒன்று வீதம் இரண்டரை ஆண்டு ஆகும். மட்டைதான் மரத்தின் சமையலறை. சமையலறை பாதி இடிந்த வீட்டில் விருந்து எப்படி நடக்கும்? எனவே தப்பிய மரமும் ஓரிரு ஆண்டு சும்மாவே நிற்கும்; காய்த்தாலும் சிறுத்துக் காய்க்கும். வறட்சியிலும் இதே கதைதான்.

விழுந்த மரமும் சும்மா கிடப்பதில்லை. அழுகும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். வளர்ந்த வண்டு பறந்து போய்ப் புதுக் கன்றின் குருத்தைத் துளைக்கும். புயலில் காயம்பட்ட மரங்களின் வாடையைப் பிடித்துச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். இவற்றைவிட மெதுவாக வேலை செய்யும் எதிரி ஒன்று உண்டு: 'கானோடெர்மா' என்ற பூசணம். செத்த தூரில் வளர்ந்து, மண் வழியாகப் பக்கத்து மரத்தின் வேருக்குத் தாவி, அடித்தண்டை அழுகச் செய்யும். இந்த நோய்க்குத் தமிழ்நாட்டில் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர். 1952-ல் தஞ்சைக் கடற்கரையைத் தாக்கிய புயலுக்குப் பின்புதான் அந்த மாவட்டத்தில் இது கவனத்துக்கு வந்தது. ஒரு புயல் போன பிறகும் அதன் பின்னால் வந்த ஒரு நோய் அரை நூற்றாண்டுக்கு மேல் தங்கிவிட்டது என்றால், விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது வெறும் துப்புரவு வேலை அல்ல என்பது விளங்கும்.

மறுநடவுக்கும் அவசரம் ஆகாது. தேர்ந்த தாய் மரத்திலிருந்து முற்றிய நெற்று வேண்டும். அதை நாற்றங்காலில் வைத்து ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை வளர்த்தால்தான் நடத்தக்க பிள்ளை. நம்மவர்கள் தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! தாய் மரங்களே விழுந்த வட்டாரத்தில் திடீரென்று லட்சக்கணக்கில் பிள்ளைகளுக்கு எங்கே போவது? பட்டுக்கோட்டை அருகே வேப்பங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெட்டை ரகங்களும் நெட்டை, குட்டை கலந்த வீரிய ஒட்டு ரகங்களும் அங்கே உருவானவை. குட்டை ரகம் மூன்று, நான்கு ஆண்டில் பாளை விடும். ஒட்டு ரகமும் சீக்கிரம் காய்க்கும். ஆனால் நீரும் உரமும் கவனிப்பும் கூடுதலாகக் கேட்கும். நெட்டை ஆறேழு ஆண்டு காக்க வைக்கும், முழுக் காய்ப்புக்குப் பத்தாண்டுக்கு மேலும் எடுக்கும். ஆனால் அறுபது, எண்பது ஆண்டு நிற்கும். விரைவில் வரும் காசா, பேரன் காலம் வரை நிற்கும் மரமா? கடன்காரன் வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்விக்கு விடை தேடுவது எளிதல்ல.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரம். மரத்துக்கு ஆண்டில் 80 காய், காய்க்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டு வரவு 56,000 ரூபாய். ஏழாண்டில் 3,92,000 ரூபாய். செலவைக் கழிக்காத கணக்கு இது. கஜாவுக்குப் பின் அரசு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 இழப்பீடு. 500 விழுந்த மரத்தை வெட்டி அகற்றும் கூலி. 70 மரத்துக்கு 77,000 ரூபாய். கூலியைக் கழித்தால் 42,000. ஏழாண்டு வரவு இழப்பின் முன் இது சிறு தொகைதான். அரசுகள் மரத்தை எண்ணி உதவி தருகின்றன. காத்திருக்கும் ஆண்டுகளை எண்ணித் தருவதில்லை. என் கருத்தில், பல்லாண்டுப் பயிர்களுக்கு உதவியும் தவணை தவணையாகப் பல்லாண்டு வர வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்கள்? தோப்பு திறந்துகொண்டதால் வெயில் தரை வரை இறங்கியது. இளங்கன்றுகளுக்கு நடுவே நிலக்கடலை, உளுந்து, எள், வாழை, காய்கறி போட்டார்கள். ஒரு காலத்தில் நிழலில் வளர்ந்த கோகோ, நிழல் போனதும் வெயிலில் கருகிற்று. தோப்புக்காரருக்கு நிலமாவது உண்டு. காய் வெட்டுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிறு திரிப்பவர், லாரியில் பாரம் ஏற்றுபவர் ஆகியோருக்கு மரம்தான் நிலம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வரும் 'வெட்டு' நின்றதும் அவர்களுடைய காலண்டரே நின்றுவிட்டது. பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போனார்கள். மரம் வளர்ந்து வரும்போது, மரம் ஏறத் தெரிந்த கை ஊரில் இருக்குமா என்பதும் ஒரு கவலை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2013 நவம்பர் 8-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சமார், லெய்ட்டே தீவுகளைத் தாக்கிய 'ஹையான்' சூறாவளியில் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் சேதமடைந்தன. அங்கும் அதே காண்டாமிருக வண்டு, அதே காத்திருப்பு. விழுந்த மரங்களை நடமாடும் அறுவை எந்திரங்களால் பலகையாக அறுத்து, இடிந்த வீடுகளைக் கட்டப் பயன்படுத்தினார்கள். வண்டுக்கு வீடு குறைந்தது, மனிதனுக்கு வீடு கிடைத்தது.

அடுத்த முறை டெல்டாப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால், கஜாவில் தப்பிய ஒரு பழைய தென்னையின் தண்டைக் கவனியுங்கள். தண்டின் மேல் காணும் வளையங்கள் உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள். ஆண்டுக்குச் சுமார் 12. உச்சியில் பச்சையாக உள்ள மட்டைகள் இரண்டரை ஆண்டுக் கணக்கு. அதற்குக் கீழே தழும்புகளை எண்ணிக்கொண்டே இறங்கினால், 2018-ஐ ஒட்டிய இடத்துக்கு வந்து சேரலாம். மரம் மிகவும் தவித்திருந்தால், அங்கே வளையங்கள் நெருங்கியும் தண்டு சற்று ஒடுங்கியும் இருக்கும். கேம்பியம் இல்லாத மரம் அல்லவா! மேலே எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும் அந்த ஒடுக்கம் இனிப் பருக்காது.