தேனீப் பெட்டியின் மூலையில் இடுக்கு விழலாமா?

உத்திரமேரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "உள்ளூரில் செய்த தேனீப் பெட்டியில் மூலைக்கு மூலை இடுக்கு. புழு விழுந்து, கூட்டம் பறந்துவிட்டது. பெட்டிதான் காரணமா?"

பெரும்பாலும் ஆம். இத்தாலியத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். நம் அடுக்குத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. இடுக்கில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும், எறும்பும் நுழையும். தொல்லை மிஞ்சினால் கூட்டம் கிளம்பிவிடும்.

பலகைகளை முட்டவைத்து ஆணி அடித்த மூலை ஒரு கோடையில் வாய் திறந்துவிடும். ஆகவே பல் இணைப்பே நல்லது. நியூட்டன் பெட்டியானாலும் மார்த்தாண்டம் பெட்டியானாலும் இதே முறைதான். ரூட்டர் மேசை வைத்திருக்கும் தச்சரிடம் இதைக் காட்டுங்கள்.

பலகை 20 மி.மீ., பிட் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபலகையில் 12 மி.மீ. அகலக் குச்சி ஒன்றைப் பதித்து, பிட்டுக்கும் அதற்கும் நடுவே சரியாக 12 மி.மீ. விடவேண்டும். பலகை ஓரத்தைக் குச்சியில் முட்டவைத்து முதல் பள்ளம். அதைக் குச்சியில் மாட்டி அடுத்தது. இணைப் பலகைக்கு, முதல் பலகையைத் திருப்பி அதன் முதல் பள்ளத்தைக் குச்சியில் மாட்டி, அதன் ஓரத்தை ஒட்டி நிறுத்தினால் ஓரத்திலேயே பள்ளம் விழும்.

சூட்சுமம் குச்சியில்தான் இருக்கிறது. பல் இறுக்கமாக வந்தால் குச்சியைப் பிட் பக்கம் நகர்த்துங்கள், தளர்ந்தால் விலக்குங்கள். நகர்த்துவது தாள் கனம் போதும். அதே மரத்தின் துண்டில் இரண்டு மூன்று முறை பார்த்த பிறகே நல்ல பலகையைத் தொடவேண்டும். கையால் அழுத்தினால் இறங்கி, மரச்சுத்தியலின் லேசான தட்டில் உட்காருவதே சரியான பொருத்தம். சுத்தியலால் ஓங்கி அடித்துத்தான் இறங்குகிறது என்றால் பசைக்கு இடமில்லை, பல்லும் பிளக்கும்.

ஆழத்தை இரண்டு தடவையாக வெட்டுங்கள். பின்னால் வேண்டாத பலகை ஒன்றை வைத்தால் சிராய் பெயராது. பிட் மாற்றும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிடவேண்டும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்யும் நம்மூர்ப் பழக்கம் இங்கே ஆகாது.

பெட்டி உயரம் 12-இன் மடங்காக வராவிட்டால் கடைசிப் பல் குறையாக நிற்கும், நிற்கட்டும். பல்லுக்காக உயரத்தை மாற்றினால் சட்டத்தைச் சுற்றித் தேனீ நடக்கும் இடைவெளி கெட்டுவிடும்.

ஐப்பசி ஈரத்தில் அறுத்த பலகையையும் நிழலில் காய்ந்த பலகையையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒன்று பின்னால் சுருங்கி, பங்குனியில் இடுக்கு தெரியும். தண்ணீர் தாங்கும் பசை போட்டு, வெளிப்புறம் மட்டும் வண்ணம் பூசுங்கள். தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.