நானும் ஒரு இரசாயனப் பொறியியலாளர்

"மருந்துக் கடையிலயோ பிள்ளை வேலை?" என்று எங்கள் ஊரில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. இரசாயனம் என்றதும் சிலருக்கு மருந்து ஞாபகம் வரும், சிலருக்குத் தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினி, இன்னும் சிலருக்குக் குண்டு. போருக்குள் வாழ்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு பயம் இருப்பது நியாயம்தான். ஆனால் என் வேலை அதுவல்ல. பெண் பிள்ளைகளை உயர்தரம் படிப்பிக்கும் தாய்மாருக்காகவே இதை எழுதுகிறேன்.

சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இத்தொழிலை விளங்கப்படுத்துவது சுலபம். நாலு பேருக்குச் சோறு காய்ச்சுபவர் முகாமில் நானூறு பேருக்குக் கிடாரத்தில் காய்ச்சினால் என்ன நடக்கும்? அரிசியையும் தண்ணீரையும் நூறு மடங்கு கூட்டினால் மட்டும் போதாது. அடி கருகும், நடு அவியாது. பாத்திரம் பெருக்கும் அளவுக்கு, வெப்பம் உள்ளே போகும் பரப்புப் பெருப்பதில்லை. முகாம்களில் சமைத்த பெண்கள் இதைப் படிக்காமலே அறிந்து, சட்டகப்பையால் இடைவிடாமல் கிளறினார்கள். ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலில் செய்ததை, ஆலையில் தொன் கணக்கில், கருகாமலும் வெடிக்காமலும், கழிவு ஊருக்குள் போகாமலும் செய்விப்பதுதான் இரசாயனப் பொறியியல்.

என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தி, எரிசோடாவும் குளோரீனும் எடுத்த ஆலை அது. பக்கத்திலேயே ஆனையிறவு உப்பளம். ஏட்டுக் கணக்கின்படி 58.5 கிலோ உப்பிலிருந்து 40 கிலோ எரிசோடா, 35.5 கிலோ குளோரீன், 1 கிலோ ஐதரசன் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் தேவை. குளோரீன் குடிநீரைச் சுத்தமாக்கும். போர் காரணமாக 1985 இல் உற்பத்தி நின்றபோது எனக்கு ஐந்து வயது. அப்பாவின் சட்டையில் இருந்த ஒரு காரமான மணம் மட்டும் மனதில் நின்றது.

1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த வழியில் அப்பா ஷெல்லுக்குப் பலியானார். மல்லாவியில் ஒரு கொட்டிலில், ஜாம் போத்தல் விளக்கில்தான் நான் உயர்தரம் படித்தேன். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பொறியியல் பீடத்துக்கு எடுபட்ட செய்தி வந்ததும் சொந்தக்காரர் கூடிவிட்டார்கள். "தேப்பன் இல்லாத குமரை மொறட்டுவைக்கு விடுறதோ? ரீச்சராக்கினால் காணாதோ?" அம்மா அதிகம் பேசுபவர் அல்ல. "எனக்கு ஒரு தொழில் தெரியாமல் நான் பட்டது போதும். அவள் போகட்டும்" என்றார். அடுத்த கிழமை அவருடைய இரண்டு காப்புகளும் கையில் இல்லை.

2002 இல் ஏ9 பாதை திறந்தபின் மொறட்டுவைக்குப் போனேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில். முதல் வருடம் பாதி விளங்கவில்லை. விடுதியில் என் அறையில் இருந்த சிங்களத் தோழிக்கும் அதே கஷ்டம்தான். இருவரும் ஒரே அகராதியை வைத்து இரவிரவாகப் படித்தோம். பிறகு பழகிவிட்டது.

வேலை தேடிய காலம்தான் கசப்பானது. ஒரு நேர்முகப் பரீட்சையில் என்னோடு படித்த ஆண் மாணவரிடம் அவருடைய ஆய்வைப் பற்றிக் கேட்டார்கள். என்னிடம், "இரவு வேலை செய்வீர்களா? கலியாணம் கட்டினால் விட்டுவிட்டுப் போவீர்களா?" என்று கேட்டார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை. பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக ஆலையில் இரவு வேலைக்கு வைக்க முடியாது, வைத்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்றெல்லாம் 1984 இல் திருத்திய சட்டம் சொன்னது. பாதுகாப்புக்காக எழுதிய சட்டத்தையே பெண்ணை எடுக்காமல் விடச் சாட்டாகச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

கடைசியில் மேல் மாகாணத்தில் இறப்பர்க் கையுறை ஆலை ஒன்றில் சேர்ந்தேன். மரத்திலிருந்து வரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். அதைச் சுழற்றி 60 சதவீதத்துக்குச் செறிவாக்கி, பழுதாகாமல் அமோனியா சேர்த்து, கந்தகம் முதலியவற்றைக் கலந்து, கை அச்சுகளைத் தோய்த்து எடுப்பார்கள். கழுவிய தண்ணீர் முழுவதும் என் பொறுப்பு. ஓரிரவு இரண்டு மணிக்கு அந்த நீரில் அமிலம் கூடிவிட்டது. வெளிவாய்க்காலை மூடச் சொன்னேன். "விடியப் பாப்பம் மிஸ்" என்றார் மேற்பார்வையாளர். நானே போய் வால்வைப் பூட்டினேன். தொட்டி நிரம்பி உற்பத்தி நின்றது. காலையில் நல்ல ஏச்சு வாங்கினேன். மத்தியானம் ஆய்வுகூட அறிக்கை வந்தபின் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தில் பெண்கள் உடுப்புத் தோய்ப்பதை நான் கண்டிருந்தேன்.

2009 இல் அம்மாவும் தங்கையும் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தார்கள். முட்கம்பிக்கு இப்பால் நின்றுதான் பார்த்தேன். அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இஞ்ச தண்ணி அப்பான்ர சட்டை மாதிரி மணக்குது பிள்ளை." தண்ணீருக்குப் போட்ட குளோரீன். அவ்வளவு சனம் நெருங்கி இருந்த இடத்தில் அந்த மணம் வேண்டியிருந்தது என்று விளங்கப்படுத்தினேன். வீட்டுக்கு வரும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

அதன் பின்தான் நீர்த் துறைக்கு மாறி வடக்குக்கு வந்தேன். சம்பளம் குறைந்தது. என்னோடு படித்த பலர் அவுஸ்திரேலியாவிலும் மத்திய கிழக்கிலும் இருக்கிறார்கள். மாத முடிவில் எனக்கும் அந்த எண்ணம் வருவதுண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

இந்தத் துறையில் எதிர்காலம் எப்படி? தெற்கில் இறப்பர், துணிச் சாயம், உணவு, பெயின்ற், எண்ணெய்ச் சுத்திகரிப்பு எனப் பல ஆலைகள் உண்டு. வடக்கில் குறைவு. பரந்தன் 1985 இலும் காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990 இலும் நின்றபின், இங்கே இத்தொழிலுக்கு வாசல் அடைபட்டது. இப்போது தண்ணீர்தான் வாசல். 2024 இல் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம். உரமும் மலக்குழிகளும் காரணம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. இதைத் தெரிந்தவர்கள் இங்கே வேண்டும்.

இரசாயனப் பொறியியல் பட்டத்துக்கு மொறட்டுவை அல்லது பேராதனை போகவேண்டும். நாலு வருடம். புள்ளி போதாவிட்டால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகத்தில் இத்துறைக்கு டிப்ளோமா உண்டு. நான் வேலை பழகியவர்களில் திறமானவர் டிப்ளோமாக்காரர்தான்.

ஒன்று சொல்லாமல் முடிக்க மனமில்லை. கழிவறை கழுவும் அமிலத்தையும் வெளிற்றும் தூளையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரீன் வாயு வரும். அது காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு நிற்கும். குழந்தைகளைத்தான் முதலில் தாக்கும். வந்துவிட்டால் உடனே வெளியேறி, காற்று வரும் பக்கமாக மேட்டுக்குப் போங்கள்.

எங்கள் ஒழுங்கையில் தாயும் மகளுமாக இருக்கும் ஒரு வீட்டுப் பிள்ளை இப்போது சனிக்கிழமைகளில் இரசாயனவியல் கேட்க வருகிறாள். தாய் தையல் வேலை செய்பவர். போன கிழமை வாசலில் நின்று, "விடுதியில பிள்ளையள் பாதுகாப்பாய் இருக்கலாமோ அக்கா, மாதம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். அம்மாவே எழும்பிப் போய் அவரை உள்ளே கூப்பிட்டு, பக்கத்தில் இருத்திப் பதில் சொன்னார்.