குட்டிகளுக்கு முன் தாய்க்கு

புரட்டாசியில் இணைசேரும் தெருநாய்கள் ஏறத்தாழ 63 நாள் சினைக்குப் பின், கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் ஈனுகின்றன. அந்நாட்களில் திண்டுக்கல் தெருக்களில் இரக்கமுள்ள சிலர் குட்டிகளின் முன் பசும்பால் கிண்ணத்தை வைப்பதைக் காண்கிறேன். அக்கிண்ணம் இருக்க வேண்டிய இடம் வேறு.

நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பசும்பால் குடித்த குட்டிக்குக் கழிச்சல்தான் மிஞ்சும். பாலூட்டும் தாய்க்கோ வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு உணவு வேண்டும். பால் வாங்கும் காசில் அதற்குச் சோறும் வேகவைத்த முட்டையும் இடலாம். அருகில் தண்ணீர் அவசியம். முதலைக் காக்காமல் வட்டியை எதிர்பார்ப்பதில்லை என்பது என் துறைக்காரர்களுக்குத் தெரியும்.

முதல் இரு வாரம் குட்டிகள் பெரும்பாலும் கண் திறப்பதில்லை. உடற்சூட்டைத் தாமே காக்க இயலாது. தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே கழியும். அவற்றைச் சாக்கில் அள்ளி ஊருக்கு வெளியே விடுவதைக் கொலை என்றே சொல்வேன். ஒரு தகர மறைப்பும் உலர்ந்த சாக்கும் போதும்.

ஈன்ற சில வாரங்களில் தாய் மூச்சிரைத்து நடுங்கிக் கால் விறைத்தால், அது கால்சியம் குறைவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

குட்டிகளுக்கு இரண்டாம் வாரம் முதல் குடற்புழு மருந்து, மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி. பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அது உள்ளாட்சியின் பொறுப்பு. மாநகராட்சியிடம் கேட்டுப் பெறலாம்.