மொரப்பூரில் பிரிந்த குட்டி ரயில்

2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆட்சியர் வந்தார், ரயில் வரவில்லை. ரயிலேற வேண்டுமென்றால் சுமார் 16 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ச் சின்னசேலத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தூரத்துக்குத் தண்டவாளம் போட, மாவட்டம் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அனுமதி கிடைத்திருந்தது. புதுப் பாதை அவ்வளவு மெதுவாகத்தான் வரும். கையிலிருந்த பாதையை இழந்த ஊர்களின் கதை இன்னும் வேதனையானது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு வடமேற்கே, சித்தேரி மலையையும் தாண்டினால் மொரப்பூர். சென்னை–சேலம் பெரிய பாதையிலிருந்து 1906-ல் இங்கே ஒரு குட்டி ரயில் பிரிந்து தர்மபுரிக்கு ஓடியது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான். 1913-ல் அது ஓசூர்வரை நீண்டது. மொரப்பூர் ரயிலுக்கு முந்தைய ஆண்டே, 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இதே அளவில் ஒரு ரயில் வந்துவிட்டது.

இவை லாபத்துக்காகப் போட்ட பாதைகள் அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னைத் துறைமுகத்தில் அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. உள்நாட்டிலோ தீவனமில்லாமல் மாடுகள் செத்தன. வண்டி கட்ட வழியில்லை. அன்றைய சேலம் மாவட்டத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். பஞ்சம் பாதிக்கும் வறண்ட வட்டங்களுக்கு ரயில் வேண்டும் என்று 1880-ல் பஞ்சக் கமிஷன் சொன்னதற்கு அந்தச் சாவுகளே காரணம்.

குட்டி ரயிலின் பலவீனம் அதன் அகலத்திலேயே இருந்தது. பெரிய ரயிலில் வந்த ஒவ்வொரு மூட்டையையும் மொரப்பூரில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். பஸ்ஸும் லாரியும் பெருகியபின் வரும்படி சுருங்கியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் ஓசூர்ப் பாதையை மூடினார்கள். கிருஷ்ணகிரிப் பாதையும் நிலைக்கவில்லை. பஞ்சத்துக்குக் காவலாகப் போட்ட பாதை நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நஷ்டத்தில்தான் ஓடும். அதற்காக மூடியது தவறு என்றே நினைக்கிறேன். இரண்டே ஆண்டில் வங்காளம் பஞ்சத்தில் விழுந்தது.

தர்மபுரிக்குப் பிற்பாடு சேலம்–பெங்களூரு பாதை கிடைத்தது. மொரப்பூர் இணைப்பை மீட்க 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்; பழைய தடத்தில் பல இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. 2004-ல் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு மூடிய ரயில் திரும்பவே இல்லை.

இதே கதி கள்ளக்குறிச்சிப் பாதைக்கும் நேராதிருக்க, அதன் நிலையத்தில் பயணிகள் நடைமேடையோடு கூட்ஸ் ஷெட்டும் வேண்டும். கல்வராயன் மரவள்ளியும் கடுக்காயும் புளியும் லாரி வாடகையை நம்பியே மலையிறங்குகின்றன. மலைச்சரக்கு ஏறினால்தான் அந்தப் பாதைக்கு வரும்படி நிற்கும்.