மிதித்தால் அழும் கிதார்!

கிதார் என்றதும் நம் கண் முன் யார் வருகிறார்? தோளில் வாரை மாட்டிக்கொண்டு, நின்றபடி தலையை ஆட்டி வாசிக்கும் இளைஞர்தான் வருகிறார்.

ஆனால் தோளில் மாட்ட முடியாத கிதார் ஒன்று உண்டு. மடியிலும் வைக்க முடியாது. மேஜை மாதிரி நான்கு கால்களில் நிற்கும். தையல் மிஷினுக்கு முன்னால் உட்காருவது போல அதன் முன்னால் உட்கார வேண்டும். இரண்டு கைகள், இரண்டு பாதங்கள், இரண்டு முழங்கால்கள் ஆகிய ஆறுக்கும் அங்கே வேலை உண்டு!

அதன் பெயர் "பெடல் ஸ்டீல் கிதார்". அமெரிக்காவில் "கண்ட்ரி" என்று சொல்லப்படும் கிராமியப் பாட்டுகளில், மனிதர் விம்முவது போல நீண்டு வளைந்து வரும் ஒலி இதனுடையதுதான். காதலில் தோற்றவன், ஊரை விட்டு வந்தவன், தாயைப் பிரிந்தவன் என்று யாரைப் பற்றிப் பாடினாலும், பாடகருக்குப் பின்னால் அழுவது இந்த வாத்தியம்.

இதற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மற்ற வாத்தியங்களை ஆசாரி செய்வார், வித்துவான் வாங்கி வாசிப்பார். இந்த வாத்தியத்தையோ பெரும்பாலும் வாசித்தவர்களே அரத்தையும் ஸ்குரூடிரைவரையும் பிடித்து உருவாக்கினார்கள்.

தண்டவாளத்தில் பிறந்த கதை

கதை தொடங்குவது பசிபிக் கடலில் உள்ள ஹவாய் தீவுகளில். அங்கே லாயே என்ற ஊரில் 1874-ல் பிறந்தவர் ஜோசப் கெக்குகு. பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு ரெயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து சென்றாராம். வழியில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தார். அது தந்தியில் உரசியதும், ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் புது ஒலி கேட்டது.

தண்டவாளக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அடுத்து நடந்தது உண்மை. பள்ளிக்கூடத்துப் பட்டறையிலேயே இரும்பில் ஒரு சிறு உருளையைச் செய்துகொண்டு, கிதாரை மடியில் படுக்கவைத்து, தந்திகள் மேல் அதை நகர்த்தி வாசிக்கப் பழகினார் கெக்குகு. "ஸ்டீல் கிதார்" என்ற பெயர் இந்த இரும்புத் துண்டால் வந்தது.

ஹவாயில் இந்த முறையை முதலில் காட்டியவர் இந்தியாவில் பிறந்து, கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தி வரப்பட்ட கேப்ரியல் டேவியன் என்பவர்தான் என்று சொல்வாரும் உண்டு. நம் கோட்டுவாத்தியமும் இதே முறைதான். மெட்டுகள் இல்லாத அந்த வாத்தியத்தில் தந்தி மேல் மரக்கட்டையை நகர்த்தி வாசிக்கிறார்கள். புதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் கோட்டுவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் புதிது அல்ல.

கெக்குகு 1904-ல் ஹவாயை விட்டு அமெரிக்கா போனார். ஊர் ஊராக வாசித்தார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசிக்க, நாடு முழுவதும் ஸ்டீல் கிதார் மோகம் பிடித்துக்கொண்டது. கெக்குகு 1932-ல் காலமானார். அவர் மீண்டும் ஊர் திரும்பி வாழவில்லை.

மின்சாரம் வந்தது

மடியில் படுத்த கிதாரின் ஒலி கூரையைப் பார்த்துப் போகும், கேட்பவரிடம் வராது. நடன மண்டபங்களில் ஊதல் வாத்தியங்களுக்கு நடுவே அது காணாமல் போனது. அதற்கு வழி கண்டவர்கள் ஜார்ஜ் போசாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற இருவர். 1931-ல் போசாம்ப் வடிவமைத்த மின்சார கிதார் அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக அலுமினியத்தில் வார்த்த அதற்கு "வாணலி" என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது!

கவனிக்க வேண்டியது என்னவென்றால், வியாபாரத்துக்கு வந்து வெற்றி பெற்ற முதல் மின்சார கிதார் இந்த மடி கிதார்தான். தோளில் மாட்டும் மின்சார கிதார் புகழ் பெற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மிதி எதற்கு?

ஒலி பெரிதாயிற்று. ஆனால் இன்னொரு சங்கடம் தீரவில்லை.

இரும்புத் துண்டு நேரான பொருள். அதை எங்கே வைத்தாலும் எல்லாத் தந்திகளும் ஒரே அளவில்தான் ஏறும், இறங்கும். ஒரு தந்தியை மட்டும் மாற்ற வேண்டுமானால் முடியாது. நம் சங்கீதத்தில் ஒரு சமயத்தில் ஒரு சுரம் போதும். மேல்நாட்டு சங்கீதத்திலோ மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும். அந்தச் சேர்க்கையும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக, வெவ்வேறு சுருதி கூட்டிய இரண்டு மூன்று கழுத்துகளை ஒரே கிதாரில் பூட்டிப் பார்த்தார்கள். பாட்டின் நடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினார்கள்.

அப்போது வந்த யோசனைதான் மிதி. காலால் மிதித்தால், அடியில் உள்ள கம்பி குறிப்பிட்ட தந்தியை மட்டும் இழுத்துச் சுருதியை ஏற்றும். காலை எடுத்தால் தந்தி பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்ற தொழிலாளி இருந்தார். மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். உலோக வேலையில் கெட்டிக்காரர். அவர் 1948-ல் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு மிதி வைத்த ஸ்டீல் கிதார் ஒன்றைச் செய்துகொடுத்தார். முன்பக்கத்தில் "ஸ்பீடி வெஸ்ட்" என்று பெரிதாகப் பெயர் பொறித்திருந்தது. லாரிக்கு முன்னால் முதலாளி பெயர் எழுதுவது போல!

ஒரு பாட்டு செய்த கலகம்

1954-ல் வெப் பியர்ஸ் பாடிய "ஸ்லோலி" என்ற பாட்டு வெளிவந்தது. அதில் பட் ஐசக்ஸ் என்பவர் பிக்ஸ்பி செய்த வாத்தியத்தை வாசித்தார். அதுவரை மிதியை வைத்திருந்தவர்கள், ஒலி அடங்கிய பிறகு சுருதியை மாற்றவே அதைப் பயன்படுத்தினார்கள். ஐசக்ஸ் ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். தந்திகள் எல்லோர் காது கேட்கவும் வளைந்து ஏறின. பாட்டு முதலிடம் பிடித்தது.

அவ்வளவுதான். "அந்த ஒலி எப்படி வந்தது?" என்று நாடு முழுவதும் ஸ்டீல் கிதார் கலைஞர்கள் துடித்தார்கள். இருந்த கிதாரைக் கவிழ்த்துப் போட்டு, கிடைத்த கம்பிகளைக் கட்டி, மிதி பொருத்த ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒருவர் பட்டி எம்மன்ஸ். இந்தியானா மாநிலத்தில் 1937-ல் பிறந்தவர். 18 வயதிலேயே நாஷ்வில் நகருக்கு வாசிக்க வந்துவிட்டார். கண்ட்ரி பாட்டுகளுக்குத் தலைநகரம் அது. ஐசக்ஸின் மிதி, இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தது. எம்மன்ஸ் 1956-ல் அதைப் பிரித்து இரண்டு மிதிகளாக்கினார்.

நம் சுரங்களில் சொன்னால் எளிதில் விளங்கும். மிதிக்காத நிலையில் தந்திகள் ஸ, க, ப என்று நிற்கின்றன. ஒரு மிதி பஞ்சமத்தைத் தைவதமாக ஏற்றும். அடுத்த மிதி காந்தாரத்தை மத்தியமமாக ஏற்றும். ஸட்ஜம் அசையாது நிற்க, மற்ற இரண்டும் தனித்தனியாகவோ சேர்ந்தோ நகரும். இன்று உலகத்தில் இந்த வாத்தியம் பழகுகிறவர்கள் எல்லோரும் முதலில் படிப்பது இதைத்தான். அன்று எம்மன்ஸுக்கு வயது 19!

அடுத்த ஆண்டே, தம்மைப் போல ஸ்டீல் கிதார் வாசித்த ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார். ஜாக்சன் வீட்டுக் கார் ஷெட்தான் பட்டறை. இருவர் பெயரிலும் பாதிப் பாதி சேர்த்து "ஷோ-பட்" என்று பெயர் வைத்தார்கள். இடம் காட்டும் குறிகளாகச் சீட்டுக்கட்டின் இஸ்பேட், ஆர்ட்டின், டயமண்ட், கிளாவர் சின்னங்களைப் பதித்த ஷோ-பட் கிதார்கள் பிற்காலத்தில் பெயர் பெற்றன. எம்மன்ஸ் 1963-ல் பிரிந்து தம் பெயரிலேயே வேறு கம்பெனி கண்டார். "ஷோ-பட் நல்லதா? எம்மன்ஸ் நல்லதா?" என்ற வாதம் அன்று தொடங்கியது. இன்னும் ஓயவில்லை.

உரியவர் காலுக்குத்தான் பழக்கம்

இன்றைய பெடல் ஸ்டீல் கிதாரில் பெரும்பாலும் 10 தந்திகள் இருக்கும். இரட்டைக் கழுத்து என்றால் 20. இடது கை இரும்புத் துண்டை நகர்த்தும். வலது கையின் கட்டை விரலும் மற்ற இரண்டு விரல்களும் நகம் மாட்டி மீட்டும். இடது கால் மிதிகளை மிதிக்கும். வலது கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதியின் மேலேயே இருக்கும். முழங்கால்கள் பக்கவாட்டில் தொங்கும் நெம்புகோல்களைத் தள்ளும்.

வீணையில் உள்ளது போல மெட்டுகள் கிடையாது. வெறும் கோடுகள்தான். இரும்புத் துண்டு ஒரு மயிரிழை விலகினாலும் அபசுரம்! காதுதான் காவல்.

எந்த மிதி எந்தத் தந்தியை இழுக்க வேண்டும் என்பதை அவரவர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறார்கள். எம்மன்ஸ் மிதிகளை ஒரு வரிசையில் வைத்தார். அவர் காலத்திலேயே புகழ் பெற்ற ஜிம்மி டே அதற்கு நேர் எதிர் வரிசையில் வைத்தார். இன்றும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு. எம்மன்ஸ் வரிசையில் பழகியவரை டே வரிசை வாத்தியத்தின் முன் உட்கார வைத்தால், எத்தனை பெரிய வித்துவானானாலும் கால் தடுமாறும். பழகிய வண்டியில் பிரேக்கும் கிளச்சும் இடம் மாறியது போல!

லாய்டு கிரீன் என்ற நாஷ்வில் கலைஞரின் கதை இதற்கு நல்ல உதாரணம். தம் இரட்டைக் கழுத்துக் கிதாரில் ஒரு கழுத்தை அவர் பயன்படுத்துவதே இல்லை. "வேண்டாததற்கு ஏன் பாரம்?" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கையை ஊன்ற மெத்தை வைத்துக்கொண்டார். ஷோ-பட் கம்பெனி அதையே அவர் பெயரின் முதல் எழுத்துகளோடு ஒரு புது மாடலாக்கி விற்றது.

ஒலி தெரியும், பெயர் தெரியாது

இத்தனை பாடுபட்டுக் கற்றாலும், மேடையில் இவர்களுக்கு இடம் பின்வரிசைதான். கைதட்டல் பாடகருக்கு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி. பீட் டிரேக் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் பாப் டிலானின் 1967-ம் ஆண்டு இசைத்தட்டிலும், பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் 1970-ம் ஆண்டு இசைத்தட்டிலும் ஸ்டீல் கிதார் வாசித்தவர் அவர்தான். உலகமே கேட்ட கை அது!

வெள்ளையர் பாட்டில் வளர்ந்த இந்த வாத்தியம் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சில தேவாலயங்களில் ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிதார்தான் ஒலிக்கிறது. பிரசங்கத்தின் உச்சத்தில் அது கூவும்போது சபையே எழுந்து ஆடும். அப்படி ஒரு சபையிலிருந்து வந்து மேடைகளில் புகழ் பெற்றவர் ராபர்ட் ராண்டால்ஃப். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் கிங் சன்னி அடே குழுவில் டெமோலா அடெபோஜு பெடல் ஸ்டீல் வாசித்தார். 1986-ல் பால் சைமனின் "கிரேஸ்லாண்ட்" பாட்டில் கேட்பதும் அவர் வாசிப்பே.

கல்கத்தாவில் வேறு கிளை

ஹவாயில் முளைத்த விதை நம் நாட்டிலும் விழுந்தது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி நிகழ்ச்சிகள் நடத்தினார். அந்த ஊரிலேயே கார்னி நிஸ் "அலோஹா பாய்ஸ்" என்ற குழுவை நடத்தினார். வங்காளத்தில் "ஹவாயன் கிதார்" வீட்டு வாத்தியமானது. கவி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா அதில் பெயர் பெற்றார். பம்பாய்ப் படவுலகில் வான் ஷிப்லியும் ஹஜாரா சிங்கும் வாசித்தார்கள். அந்த நாளில் வானொலி கேட்டவர்களுக்கு, சினிமா மெட்டுகளைச் சொல்லே இல்லாமல் பாடிய அந்தக் கிதார் இன்னும் நினைவிருக்கும்.

நம்மவர்கள் மிதியைத் தேடவில்லை. நம் ராகத்துக்கு அது தேவைப்படவில்லை. வேண்டியது சுருதித் தந்தியும், கூடவே தானாக அதிரும் பக்கத் தந்திகளும்தான். பிரிஜ் பூஷண் காப்ரா கிதாரில் இந்துஸ்தானி ராகங்களை முழுமையாக வாசித்துக் காட்டினார். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த இசைத்தட்டு பெரும் புகழ் பெற்றது. விசுவமோகன் பட் கிதாரைத் திருத்தி "மோகன வீணை" ஆக்கினார்; 1994-ல் கிராமி பரிசு பெற்றார். கல்கத்தாவின் தேவாசிஷ் பட்டாச்சார்யா தமக்கென்று சதுரங்கி, கந்தர்வி, ஆனந்தி என மூன்று வாத்தியங்களை வடிவமைத்தார்.

அங்கே கம்பியும் நெம்புகோலும் சேர்த்தார்கள். இங்கே தந்திகளைச் சேர்த்தார்கள். இரண்டு இடத்திலும் காரியத்தைச் செய்தவர் வாசித்தவர்தான்.

அடுத்த கால் எது?

ஷோ-பட் கம்பெனி கைமாறி, 1980-களில் நின்றுபோனது. ஸ்பீடி வெஸ்ட் 1981-ல் பக்கவாதம் கண்டு, அதன் பிறகு பழையபடி வாசிக்க முடியாமல் போனது, 2003-ல் மறைந்தார். எம்மன்ஸ் 2015-ல் காலமானார். பெரிய தொழிற்சாலைகள் இந்த வாத்தியத்தை லட்சக்கணக்கில் செய்வதில்லை. விலையும் அதிகம், கற்க ஆண்டுகளும் அதிகம். சில சிறிய பட்டறைகள்தான் ஆர்டரின் பேரில் ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்கின்றன.

அதனால் பழைய வாத்தியங்களுக்கு மவுசு குறையவில்லை. வித்துவான் போன பிறகு அவர் கிதார் இன்னொரு வீட்டுக்குப் போகிறது. வாங்கியவர் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் போடுகிறார். பழையவர் கட்டிய கம்பிகள் சிலவற்றைக் கழற்றி, தம் காலுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுகிறார். பிறகு நிமிர்த்தி வைத்து, உட்கார்ந்து, மெல்ல மிதித்துப் பார்க்கிறார்.