முன்பே சொன்னவர்கள்

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்களை, வெள்ளை இனவெறி தலைக்கேறிய ஓர் ஆஸ்திரேலியன் சுட்டுத் தள்ளினான். அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலுமாக 51 பேர் உயிரிழந்தார்கள். தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு வந்திருந்த அவன், நடந்ததை ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரலையாக ஓடவிட்டான்.

கொல்வது மட்டும் அவனுக்குப் போதவில்லை. உலகம் அதைப் பார்க்கவும் வேண்டியிருந்தது. நேரலையாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்கிறது ஃபேஸ்புக். பயனர் ஒருவரின் முதல் புகார் வந்ததே ஒளிபரப்பு முடிந்து 12 நிமிடம் கழித்துத்தான். ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நிறுவனம் அகற்ற வேண்டியிருந்தது. அவற்றில் 12 லட்சம், ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. ஒவ்வொரு பிரதிக்குப் பின்னாலும் அதைப் பரப்ப நினைத்த ஒரு கை இருந்தது.

பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் எழுந்து, கொலைகாரனின் பெயரைத் தன் வாயால் ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்றார். (இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயர் இல்லை.) காணொளியும் அவன் எழுதிவைத்த அறிக்கையும் தடை செய்யப்பட்டன, வைத்திருப்பதே குற்றம் என்றானது. ஒரு மாதம் முடிவதற்குள், பாதி தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்யும் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது.

இவையெல்லாம் அரசு செய்தவை. அந்நாட்டு ஊடகங்கள் செய்ததுதான் நாம் நின்று பார்க்க வேண்டியது. கைதான மறுநாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது அவன் விரல்களால் ஓர் இனவெறிச் சைகை காட்டினான். நீதிபதியின் உத்தரவுப்படி முகத்தை மங்கலாக்கித்தான் படம் வெளியானது. ஆனால் விரல்கள் தெளிவாகவே தெரிந்தன. படம் உலகம் முழுக்கப் போனது. அவனைப் போன்றவர்களுக்கு அந்த விரல்களே போதும். வழக்கு விசாரணை நடந்தால் தினம் ஒரு சைகை, தினம் ஒரு பிரசங்கம் என்று நீதிமன்றம் அவனுக்கு மேடையாகிவிடும் என்பதை ஆசிரியர்கள் உணர்ந்தார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் ரேடியோ நியூசிலாந்து, டிவிஎன்இசட், மீடியாவொர்க்ஸ், என்இசட்எம்இ, ஸ்டஃப் ஆகிய ஐந்து நிறுவனங்களும் ஒன்றாகக் கையெழுத்திட்டன. அன்றாடம் ஒன்றையொன்று முந்தத் துடிப்பவை இவை. வெள்ளை இனவெறியைப் பரப்பும் பேச்சுக்கு இடம் தருவதைக் குறைப்பது, அவனது அறிக்கையிலிருந்து எதையும் வெளியிடாமல் இருப்பது, சைகைகளையும் சின்னங்களையும் காட்டாமல் இருப்பது, கூடியவரை அனுபவமுள்ள செய்தியாளர்களையே அனுப்புவது என்று முடிவானது. வழக்கை மறைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. செய்தி வரும், பிரச்சாரம் வராது என்றார்கள். அரசு ஆணையிட்டு வந்த ஒப்பந்தமல்ல அது என்பதே அதன் பலம்.

நம் நாட்டில் அந்தப் பாடம் வேறு வழியில் வந்தது. 2008 நவம்பர் 26-இல் மும்பை தாக்கப்பட்டபோது, கமாண்டோக்களின் நகர்வுகளைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானிலிருந்து தாக்குதலை இயக்கியவர்கள் அதைப் பார்த்தபடியே தொலைபேசியில் ஆணையிட்டார்கள். 2012-இல், அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாபின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் அரசு விதியே கொண்டுவந்தது: இத்தகைய நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டக் கூடாது, பொறுப்பு அதிகாரி அவ்வப்போது சொல்வதைத்தான் ஒளிபரப்பலாம். தாமாகக் கட்டுப்படாதபோது கட்டுப்பாடு மேலிருந்து வருகிறது. அதிகாரி சொல்வது மட்டுமே செய்தி என்ற நிலையும் கூடவே வருகிறது.

கிறைஸ்ட்சர்ச் கொலைகாரன் 2020 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணையே நடக்கவில்லை. ஆகஸ்டில் தண்டனை அறிவிக்கும் அமர்வில் உயிர் பிழைத்தவர்களும் உறவினர்களுமாக 90-க்கும் மேற்பட்டோர் பேசினார்கள். நாளிதழ்களை நிறைத்தது அவர்களின் சொல்தான்.

இத்தனையும் பாராட்டுக்குரியவை. ஆனால் எல்லாம் பின்னால் நடந்தவை. நியூசிலாந்து இஸ்லாமியப் பெண்கள் மன்றம் பல ஆண்டுகளாகவே அரசு அலுவலகங்களின் படியேறி, முக்காடிட்ட பெண்கள் தெருவில் படும் தொல்லைகளையும் தீவிர வலதுசாரி வெறுப்பு வளர்வதையும் சொல்லிவந்தது. உளவுத்துறையின் கவனமோ முஸ்லிம் தீவிரவாதத்தின் மீதே குவிந்திருந்தது. அது பொருத்தமற்ற குவிப்பு என்று அரச விசாரணை ஆணையம் 2020 டிசம்பரில் சொன்னது. இந்தக் கொலைகாரனை முன்கூட்டியே பிடித்திருக்க முடியும் என்று ஆணையம் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனாலும் தங்களைக் கண்காணிப்பவர்களிடமே பாதுகாப்பு கேட்டு நிற்க வேண்டிய நிலை அந்தப் பெண்களுக்கு நேர்ந்தது. ஆணையத்தின் 44 பரிந்துரைகளில் முக்கியமான ஒன்றான வெறுப்புப் பேச்சுச் சட்டத் திருத்தம் பின்னர் கைவிடப்பட்டது.

முன்பே சொன்னவர்களைக் கேளாத கதை இலங்கையிலும் நடந்தது. கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பின் ஆறு வாரங்கள்கூட நகரவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் பலியானவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடிக்காரன். அவனை முதலில் எதிர்த்ததும் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அவனது ஆட்கள் சூஃபி வழியினரோடு மோதியபோது, அவனைக் கைது செய்யச் சொல்லி ஊர் மக்கள் வீதியில் இறங்கினார்கள், புகார்களும் கொடுத்தார்கள். அவன் தலைமறைவானான், வெறுப்புப் பிரசங்கம் இணையத்தில் தொடர்ந்தது. 2019 ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

குண்டுவெடிப்புக்குப் பின் அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கியது. தடை நீங்கிய இரண்டு வாரத்துக்குள், குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்தக் கொலைகாரனைப் பற்றி முதலில் எச்சரித்த அதே சமூகம், அவன் செய்ததற்கான பழியையும் சுமந்தது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களும் மதகுருமாரும் விடவில்லை. அடிப்படை உரிமை மனுக்களோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எச்சரிக்கை கிடைத்தும் செயல்படாததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பாதுகாப்பு, காவல், உளவுத் துறைகளின் அப்போதைய உயர் அதிகாரிகள் நால்வரும் தம் பங்குக்குக் கோடிக்கணக்கில் தர வேண்டும். பணம் அவரவர் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது.